பழைய கேமிங் கம்ப்யூட்டரை ஐம்பதாயிரம் ரூபாயில் மேம்படுத்த: கார்டா, பிராசஸரா, மொத்தமும் புதிதா?

திருச்சியிலிருந்து அக்கா பையன் வாட்ஸப்பில் ஒரு கொட்டேஷன் அனுப்பியிருந்தான். ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம். மூன்றும் சேர்த்து 46,000 ரூபாய். கீழே ஒரு வரி: "மாமா, எடுத்துடவா? கடைக்காரர் இன்னிக்கே சொல்லச் சொல்றாரு." அவன் கையில் இருப்பது 50,000. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் முழுக்க மாதாமாதம் ஒதுக்கிச் சேர்த்த பணம். "இன்னிக்கு ஒன்னும் சொல்லாதே, ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்" என்று பதில் போட்டேன்.

அவனுடைய கம்ப்யூட்டரை எனக்கு நன்றாகத் தெரியும். 2019 கடைசியில் நான்தான் பொருத்திக் கொடுத்தேன். ரைசன் 5 2600 பிராசஸர், பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). ரேம் முதலில் 8 ஜிபிதான் இருந்தது. பிறகு அவனே இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சொருகிக்கொண்டான். போன வருஷம் நொடிக்கு 144 படம் காட்டக்கூடிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றும் வாங்கினான், ரெசல்யூஷன் 1080பி. அவன் குறை இரண்டு. வேலரண்ட் ஆட்டத்தில் சண்டை சூடு பிடிக்கும்போது எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின், அதாவது ஃபிரேம்களின், எண்ணிக்கை) 90-க்கு விழுகிறது. சைபர்பங்க் 2077 ஆட்டம் மீடியம் செட்டிங்கில்கூட இழுத்து இழுத்து ஓடுகிறது.

இதே நிலையில் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். 2018 முதல் 2020 வரை நம் ஊரில் பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலரிடம் இருப்பது கிட்டத்தட்ட இந்தச் செட்தான். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கேபினட்டைத் திறந்தோம். திறந்ததுமே ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு ரேமும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இருந்தன. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸருக்கு அருகிலுள்ள முதல் இரண்டும் ஒரே சேனல். அதாவது 16 ஜிபி இருந்தும் ஒரே வழியாகத்தான் தரவு போய்வந்தது. ஒன்றைக் கழற்றி, இரண்டாவதும் நான்காவதுமாகச் சொருகினோம். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போனால் ரேம் 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது 3200 வேகத்துக்கான ரேம். ரேமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போடாமலே ஆறு வருஷம் ஓடியிருக்கிறது. 2600 அதிகாரபூர்வமாகத் தாங்குவது 2933 வரைதான் என்பதால் அந்த அளவில் வைத்தோம். வேலரண்டில் 90-க்கு விழுந்த இடத்தில் இப்போது 110. ஒரு பைசா செலவில்லை. ரைசன் பிராசஸர்கள், அதிலும் பழையவை, ரேம் வேகத்தை ரொம்பவே நம்பியிருப்பவை. எந்தக் கடைக்கும் போவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

அப்புறம்தான் உண்மையான சோதனை. எது தடுக்கிறது, கார்டா பிராசஸரா?

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பட்டது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று கணக்குப் போடுவது பிராசஸர். அந்தக் கணக்கை வாங்கிப் படமாக வரைவது கார்டு. ரெசல்யூஷனைக் குறைத்தால் வரைகிற வேலை குறையும். கணக்குப் போடுகிற வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே ஒரே இடத்தில் நின்று, 1080பி-யில் ஒரு முறையும் 720பி-யில் ஒரு முறையும் எஃப்பிஎஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பதையும் திரையில் காட்ட விடுங்கள்.

சைபர்பங்கில் 1080பி மீடியத்தில் 52 வந்தது, கார்டு 99 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. 720பி-க்கு இறக்கியதும் 68 ஆனது, கார்டு 75 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வேலரண்டில் இரண்டு ரெசல்யூஷனிலும் ஒரே எண்தான். கார்டு பாதி நேரம் சும்மா இருந்தது.

அந்த 68 என்கிற எண்ணைத்தான் நான் அவனுக்கு அழுத்திச் சொன்னேன். கார்டு சும்மா இருக்கும் நிலையிலும் 68-தான் வருகிறது என்றால், இந்த 2600 சைபர்பங்குக்குக் கணக்குப் போட்டுத் தரக்கூடிய உச்சமே அவ்வளவுதான். ஒரு லட்சம் ரூபாய்க்குக் கார்டு வாங்கிப் போட்டாலும் அதே இடத்தில், அதே செட்டிங்கில் 68-ஐ ஒட்டித்தான் நிற்கும். அதேபோல் எவ்வளவு நல்ல பிராசஸர் போட்டாலும், பழைய கார்டு இருக்கும்வரை 52-ஐத் தாண்டாது. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் யாரிடமும் ஆலோசனை கேட்கவே வேண்டியதில்லை.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனில் பொருள்கள் எல்லாம் நல்லவை. 7600 அருமையான பிராசஸர். அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் வந்தது. 2027 வரைக்குமாவது அதற்கு ஆதரவு தருவதாக ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 7600 போட்டு, இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே போர்டில் 9800எக்ஸ்3டி மாதிரி வேகமான பிராசஸர் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். கையில் ஒன்றுமே இல்லாமல் புதிதாகத் தொடங்குபவருக்கு நானும் ஏஎம்5-தான் சொல்வேன். ஆனால் இவன் 46,000 கொடுத்த பிறகும் கேபினட்டுக்குள் இருக்கப்போவது அதே 1660 சூப்பர். வேலரண்ட் பறக்கும். சைபர்பங்க் 52.

அந்த 46,000-ல் ரேம் தின்றது எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை மளமளவென்று ஏறிவிட்டது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறையில் நாம் வாங்கிவந்த குரூஷியல் ரேம் வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. அவனிடம் இருக்கும் பழைய வகையான டிடிஆர்4 ரேமின் விலையும் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் அவனிடம் 16 ஜிபி ஏற்கெனவே இருக்கிறது. ஏஎம்5 போர்டில் டிடிஆர்4 வேலை செய்யாது. அங்கே போனால் கையிலிருக்கும் ரேமை ஒதுக்கிவிட்டு, விலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் புது ரேம் வாங்க வேண்டும். இதற்கு எனக்கு மனசு வரவில்லை.

இன்டெல் பக்கம் ஐ5 12400எஃப் பிராசஸரை எடுத்து டிடிஆர்4 தாங்கும் போர்டு போட்டால் பழைய ரேம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் போர்டும் வாங்க வேண்டும், கிடைக்கும் வேகமோ ரைசன் 5 5600 அளவுதான், அந்த சாக்கெட்டும் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. பி450 கையில் வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போகக் காரணமே இல்லை. செகண்ட் ஹேண்டில் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாக வந்தால் மட்டும் ஒன்று ஞாபகம் வையுங்கள். அதிக மின்னழுத்தத்தால் அவற்றில் பல பழுதாயின. 2024 ஆகஸ்டில்தான் அதற்குத் திருத்தம் வந்தது. திருத்தம் போடாமல் ஓடிய சிப் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அவன் போர்டிலேயே பிராசஸரை மட்டும் மாற்றும் வழிதான் எனக்குப் பிடித்தது. பி450 வந்தது 2018-ல். பயாஸை அப்டேட் செய்தால் 2022-ல் வந்த ரைசன் 5 5600-ஐ அதே சாக்கெட்டில் பொருத்தலாம். அதே ஆறு கோர், அதே 65 வாட், ஆனால் இடையில் இரண்டு தலைமுறை முன்னேற்றம். எங்களுக்குச் சொன்ன விலை 11,000. பெட்டிக்குள்ளேயே கூலரும் வரும்.

கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) அதிகமுள்ள எக்ஸ்3டி வகை வேண்டாமா என்று அவன் கேட்டான். 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி இரண்டிலும் எட்டு கோர், 96 எம்பி கேஷ். 5600-ல் இருப்பது 32 எம்பி. வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி ஆட்டங்களிலும், பெரிய பெரிய சிமுலேஷன் ஆட்டங்களிலும் அந்தக் கேஷ் செய்யும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது. செகண்ட் ஹேண்டில் கேட்ட விலை 5600-ஐப் போல இரண்டரை மடங்கு. 105 வாட் சிப் அது. மலிவு பி450 போர்டுகள் சிலவற்றில் பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதிமேல் ஹீட்சிங்கே கிடையாது, அதில் மே மாத வெயிலில் ஓடவிட எனக்குத் துணிச்சல் இல்லை. 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துப் போட்டி ஆட்டமே கதி என்று இருப்பவர் தேடிப் பிடிக்கலாம். 144-க்கு 5600 போதும்.

அப்போது மீதி 39,000. இனி கார்டு.

இங்கேதான் பி450-ன் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். அதில் கார்டைச் செருகும் ஸ்லாட் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வகை. இன்றைய நடுத்தரக் கார்டுகள் பல, தரவு போய்வர 16 லேனுக்கு (பாதைக்கு) பதிலாக எட்டு லேன்தான் பயன்படுத்துகின்றன. ஸ்லாட்டில் நீளமாக, முழு அளவில்தான் உட்காரும். உள்ளே பாதி இணைப்பு இருக்காது. புது போர்டில் ஒவ்வொரு லேனும் வேகமானது என்பதால் இது உறைக்காது. 3.0 போர்டில் எட்டு லேன் என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி. கார்டின் சொந்த மெமரி போதுமாக இருக்கும்வரை இதுவும் பெரிய விஷயமில்லை. அது நிரம்பி வழிந்து, மிச்சத்தை மெயின் ரேமிலிருந்து இழுத்துவர வேண்டிய நேரத்தில்தான் அந்தக் குறுகல் கழுத்தைப் பிடிக்கும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத்தான் காட்டும். ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போகும்.

அவன் மனசில் இருந்தது ஆர்டிஎக்ஸ் 5060. 8 ஜிபி, எட்டு லேன். நாங்கள் பார்த்தபோது விலை 30,000-ஐ ஒட்டி இருந்தது. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்ததை ஏஐ மூலம் பெரிதாக்கும் அதன் டிஎல்எஸ்எஸ் வசதியின் படத்தரத்தை நான் மெச்சாமல் இருக்க முடியாது. மின்சாரமும் குறைவாகத்தான் எடுக்கும், 145 வாட். ஆனால் இன்றைக்கு வரும் பெரிய ஆட்டங்களில் 1080பி-யிலேயே, டெக்ஸ்சர் தரத்தை உயர்த்தி வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. அவன் போர்டிலோ நிரம்பினால் வலி இரட்டிப்பு. இன்னும் நாலைந்து வருஷம் ஓட வேண்டிய கார்டு இது.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டு 2025 ஜூனில் வந்தது. 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு விதம் உண்டு, பெயரில் வித்தியாசம் இல்லை. பெட்டியில் 16 என்று போட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து வாங்குங்கள். இரண்டுமே 16 லேன் முழுதாகக் கொண்டவை. 16 ஜிபி வகையில் மெமரி நிரம்பும் பேச்சே இல்லை, நிரம்பினாலும் வழி அகலம். 160 வாட்தான், பெரும்பாலான மாடல்களுக்கு ஒரே ஒரு 8 பின் வயர் போதும். எங்களுக்கு 38,500-க்குக் கிடைத்தது. பழைய போர்டுக்கு இதைவிடப் பொருத்தமான புதுக் கார்டு எனக்குத் தெரியவில்லை.

பிளெண்டர், வீடியோ ரெண்டரிங், மெஷின் லேர்னிங் என்று கற்றுக்கொள்பவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. அங்கே பாதி மென்பொருள்கள், ஆர்டிஎக்ஸ் கார்டுகளைத் தயாரிக்கும் என்விடியாவின் 'கூடா' (CUDA) என்ற மென்பொருள் தளத்தை நம்பி எழுதப்பட்டவை. அவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்து, பணம் சேர்த்து, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி வாங்குவது நல்லது. அதுவும் எட்டு லேன்தான். ஆனால் 16 ஜிபி இருப்பதால் அந்தக் குறுகல் தொந்தரவு செய்யும் சந்தர்ப்பம் குறைவு.

இன்டெல்லின் ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்டு, 12 ஜிபி. ஆனால் பழைய கம்ப்யூட்டருக்கு நான் சொல்ல மாட்டேன். பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் நேரடியாக அணுக உதவும் ரிசைசபிள் பார் வசதி இல்லாவிட்டால் தடுமாறும். அதன் டிரைவர் மென்பொருள் பிராசஸரிடமிருந்தும் அதிக வேலை வாங்குகிறது. 2600 மாதிரியான பழைய பிராசஸரோடு சேர்த்தால் வேகம் எப்படிச் சரிகிறது என்பதை 2025 தொடக்கத்திலேயே விமர்சகர்கள் சோதித்துக் காட்டிவிட்டார்கள். மலிவான கார்டு என்று பழைய கம்ப்யூட்டர்காரர்கள்தான் இதைத் தேடிப் போகிறார்கள். அவர்களுக்குத்தான் இது ஒத்துவராது.

மொத்தமே 30,000-தான் இருக்கிறது என்பவர்களுக்கு: 5600-ஐப் புதிதாக வாங்கிவிட்டு, மீதியில் செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி வகையைத் தேடலாம். 16 லேன், போதுமான மெமரி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்தக் கார்டு எப்போதும் புழங்கும். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காகக் கார்டுகளை இரவுபகலாக ஓட்டும் மைனிங் முடிவுக்கு வந்தபோது குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்தவற்றில் இதுவும் உண்டு. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். ஃபேன் சத்தம், ஸ்க்ரூ தலையில் தேய்மானம், சீரியல் நம்பர் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டை முழு பாரத்தில் ஓட்டிப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒன்றைக் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்டத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், அது இல்லாமல் வாரன்டி பேச முடியாது.

பழைய 1660 சூப்பரிலேயே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்றால், வேலரண்டுக்கு ஓட்டலாம்தான். ஆனால் அதில் ரே டிரேசிங்குக்கான (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு நிழல், பிரதிபலிப்புகளை வரைவது) வன்பொருளே இல்லை, 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற ஆட்டங்கள் அது இல்லாமல் ஓடுவதில்லை. இனி வருபவை அந்தப் பக்கம்தான் போகும்.

பிராசஸர் மாற்றும் நாள்

5600-ஐயும் 9060 எக்ஸ்டி-யையும் வாங்கிவந்து மேஜைமேல் வைத்தவுடன் பையன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். நிறுத்தினேன். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸ் அப்டேட் செய்ய வேண்டும். புதியதை மாட்டிவிட்டால் பழைய பயாஸுக்கு அது இன்னதென்று தெரியாது, திரை கறுப்பாகவே நிற்கும். போர்டின் பெயரோடு அதன் ரிவிஷனையும் பார்த்து, அதற்கான கோப்பை மட்டும் இறக்கி, ஃபேட்32 ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டுக்கொண்டோம். அந்தக் கோப்பின் குறிப்புகளை வாசிப்பது முக்கியம். சில போர்டுகளில் முதலில் ஓர் இடைப்பட்ட பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக முடியும். விண்டோஸில் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரிகவரி கீயை முதலில் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். பிராசஸர் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கும். இல்லையென்றால் டிரைவில் இருப்பதெல்லாம் பூட்டிய அறைதான்.

அடுத்து கூலர். இதில் எனக்கு ஒரு காயம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் என் சொந்தக் கம்ப்யூட்டரில் கூலரை நேராக மேலே இழுத்தேன். கூலருக்கும் பிராசஸருக்கும் இடையே தடவியிருந்து காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் பிராசஸரையும் கவ்விக்கொண்டு, சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஏஎம்4 சாக்கெட் வகையில் (பி450-ல் இருப்பதும் அதுதான்) பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. அதில் இரண்டு சாய்ந்துவிட்டன. ஈயக்குச்சி இல்லாத 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலின் முனையை அந்தப் பின்மேல் செருகி, மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல மெல்ல நிமிர்த்தினேன். பிழைத்தது. அந்த அரை மணி நேரத்தை மறக்க மாட்டேன்.

அதனால் திருச்சியில் முதலில் இருபது நிமிஷம் சைபர்பங்க் ஓட்டினோம். பேஸ்ட் சூடேறி இளகும். பிறகு ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். கூலரை இழுக்காமல், பாட்டில் மூடியைத் திறப்பதுபோல் இடமும் வலமும் மெதுவாகத் திருகினோம். பிசுக்கென்று விட்டுவந்தது, பிராசஸர் அதன் இடத்திலேயே இருந்தது. லீவரைத் தூக்கி 2600-ஐ எடுத்தோம். 5600-ன் மூலையிலுள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்ததும் தானாக உள்ளே இறங்கியது. அழுத்தவே கூடாது. அழுத்தினால்தான் இறங்கும் என்றால் தப்பாக வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இரவு எட்டு மணிக்கு ஓடவிட்டோம். ரேமை 3200-க்கு ஏற்றினோம், இந்தப் பிராசஸருக்கு அது அதிகாரபூர்வ அளவு. வேலரண்டில் எந்தச் சண்டையிலும் 144-க்குக் கீழே இறங்கவில்லை. சைபர்பங்க் ஹை செட்டிங்கில், ரே டிரேசிங் இல்லாமல், 100-ஐ ஒட்டி நின்றது. அந்தச் செட்டிங்கில் இப்போது தடுப்பது பிராசஸர்தான், கார்டுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. நாளைக்கு அவன் ஏஎம்5-க்குப் போகும்போது இதே கார்டைக் கழற்றிக்கொண்டு போகலாம். அதற்குள் ரேம் விலை இறங்கட்டும்.

செலவு 49,500. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவில்லை. ஒரு நல்ல கம்பெனியுடையது, 'ப்ரான்ஸ்' (வெண்கல) திறன் தரச் சான்று பெற்றது, 550 வாட், இந்தச் செட்டுக்குத் தாராளம். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் கார்டுக்கு முன்னால் அதை மாற்றுங்கள். அதற்குப் பணம் போதவில்லையென்றால் கார்டில் ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் கோட்டைவிட்டது யூபிஎஸ். மறுநாள் சாயங்காலம் போன் செய்தான். கரண்ட் போன அதே நொடி யூபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிட்டதாம், ஆட்டமும் போச்சு. அது 600 விஏ. அட்டையில் 600 என்று இருந்தாலும் பெரும்பாலும் தருவது 360 வாட்தான், ஆறு வருஷப் பழைய பேட்டரியில் அதுவும் வராது. ஆட்டத்தின் நடுவே மானிட்டரோடு சேர்த்து 300 வாட் இழுக்கிறது இந்தச் செட். பழைய 1660 சூப்பரை விற்ற பணத்தில் 1000 விஏ ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து ஆடுகிறான்.